இன்னும் ஒரு பெட்டிக்கு இடம்

மானிட்டர் வெளியே வர மறுத்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரிலிருந்து சுவர்வரை ஓடும் மரத்தட்டில், மற்ற மானிட்டர்களோடு வரிசையாக அதை உட்கார வைத்தவன் அவன்தான். வைத்தபோது இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டதும் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் காற்றோட்டம் இல்லாமல் எந்தப் பெட்டியையும் அவன் வைப்பதில்லை. இப்போது அந்த இடைவெளியில் நகம்கூட நுழையவில்லை. வரிசை முழுவதும், கூட்ட நேரத்துப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. ஒரு காலைத் தட்டில் ஊன்றி இழுத்தான். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதும் பக்கவாட்டு மூடியில் விரிசல் ஓடி, மானிட்டர் வெளியே வந்து அவன் மடியில் கனமாக விழுந்தது. அது இருந்த இடத்தைப் பார்த்தான். பக்கத்திலிருந்த இரண்டும் லேசாக நெருங்கி வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தன.

மழைக்காலம், மரம் ஊதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்குத் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். தெருவைப் பார்த்த முன் அறைதான் கடை. வேலை மேஜையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். உள் அறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள். ஆபீஸ்கள் தூக்கிப் போட்டவை, பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்டவை, செத்துப்போனவர்களின் பிள்ளைகள் எப்படியாவது தொலைந்தால் சரி என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவை. பச்சை எழுத்தை மட்டும் காட்டத் தெரிந்த மானிட்டர்கள், அலறிக்கொண்டே எழுதும் பிரிண்டர்கள், வெள்ளையாக வந்து பல்லைப் போல மஞ்சளித்துப்போன கீபோர்டுகள். கதவருகே ஆள் நடக்க வழி இருந்தது. உள்ளே போகப் போக அது குறுகி, ஜன்னல் பக்கம் சுவருக்குச் சுவர் பெட்டிகளே அடைத்து நின்றன. தெரிந்தவர்கள் அவனை மியூசியம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அக்கா ஒரு காரணம் வைத்திருந்தாள்: வருகிறவளை எந்தத் தட்டில் வைப்பது என்று அவனுக்கே தெரியவில்லையாம்.

அந்த அக்காவுக்காகத்தான் இப்போது அறையை ஒழிக்கிறான். வேறொரு தெருவில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்குத் தனியாக இருந்தவள் படியில் சறுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். இனி மாடிப்படி ஏறக்கூடாது, சில மாதத்துக்குத் தானாக எழுந்திருக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் டாக்டரைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் மற்றவர்களுக்கு இணைப்புக் கொடுத்தவள். தனக்கென்று ஒன்றைக் கேட்க அவளுக்கு வராது.

"கட்டில் ஒண்ணு போட இடம் இருந்தா போதும்டா," என்றாள். "உன் பொட்டிங்களையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லலை. அதுங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நானும் பழைய மாடல்தானே."

ஒரு தட்டில் கொள்ளும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதையெல்லாம் அனுப்பிவிடுவது என்று அவன் முடிவு செய்தான். ஓடுபவை, உதிரிபாகத்துக்கு ஆகுபவை, எதற்கும் ஆகாதவை என்று பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு ஒவ்வொன்றையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்விட்சைத் தட்டியதும் உள்ளே நெடுநாள் படிந்த தூசி சூடாகிக் கருகும் வாசனை, விசிறி முனகி முனகிச் சுற்றத் தொடங்கும் ஓசை, கண்ணாடியில் மெல்ல ஊறிவரும் பச்சை வெளிச்சம். சிலது விழிக்கவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து, போர்டின்மேல் பாசியாகப் பூத்திருக்கும். அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், சத்தம் வராமல் மெதுவாக இறக்கிவைத்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடிய துக்கமில்லை அது.

முதலில் வண்டியோடு வந்தவர் டேப்புக்காரர். பழைய கேசட்டுகளில் பதிந்த புரோகிராம்களைச் சேர்க்கிறவர் என்பதால் அந்தப் பெயர். ஓடுகிற பெட்டிகளில் பாதியைப் போர்வை சுற்றி ஏற்றிக்கொண்டார். கிளம்பும் முன் உள் அறை வாசலில் நின்று, இடது பக்கச் சுவரையும் வலது பக்கச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். போன தடவை வந்தபோது இந்த இடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோமே என்று கேட்டார். ஆமாம் என்றான் அவன்.

"எடுக்க எடுக்க இடம் வரணும். என்ன மியூசியம், உங்க ரூம் எதிர்ப் பக்கமா போகுது," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவனும் சிரித்தான். வண்டி போன பிறகு நாற்காலிகளை எடுத்துவந்து அதே இடத்தில் போட்டுப் பார்த்தான். ஒன்றைப் போட்டால் இன்னொன்றுக்கு இடமில்லை.

அன்று மாலை அக்காவுக்கான இரும்புக் கட்டிலை வலது சுவரை ஒட்டிப் போட்டுவிட்டு, துண்டு காயப்போட ஒரு கொடி கட்டினான். எல்லாவற்றுக்கும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது, கையெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டிவிடு என்று அக்கா கேட்டிருந்தாள். இடது சுவரில் ஓர் ஆணி, வலது சுவரில் ஓர் ஆணி. நைலான் கயிற்றை இழுத்து முறுக்கிக் கட்டிவிட்டுச் சுண்டிப் பார்த்தான். ரீங்கென்றது.

மறுநாள் பழைய சாமான்காரர் வந்து எதற்கும் ஆகாதவற்றை அள்ளிக்கொண்டு போனார். அறையைப் பெருக்கத் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவன் முகத்தில் கயிறு பட்டது. அது தொய்ந்து, நடுவில் வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. மட்டமான கயிறு என்று திட்டிக்கொண்டே அவிழ்த்து இறுக்கினான். முடிச்சுக்குப் பின்னால் மிச்சக் கயிறு நீளமாகத் தொங்கியது. நேற்று இவ்வளவு மிச்சமில்லை.

அதன்பிறகு அவனால் அந்தக் கயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடையில் ஒருவரின் லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தான். கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் பார்த்தான். அப்படியேதான். அன்று மேற்கொண்டு பெட்டி எதையும் அவன் வெளியே எடுக்கவில்லை, கயிறும் அசையவில்லை. அடுத்த நாள் காலை, கதவோரம் கிடந்த கனமான பிரிண்டர்களைத் தெருமுனை டைப்பிங் ஸ்கூலுக்குத் தள்ளுவண்டியில் அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, கயிறு மறுபடி தொய்ந்திருந்தது.

வெளியே சந்துக்குப் போய் அந்த இடது சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தான். கேபிள் வயர், வெளுத்துப்போன சுவரொட்டி, கீழே பாசி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உள்ளங்கையை வைத்தான். வெயிலின் சூடு. உள்ளே வந்து அதே இடத்தில் கையை வைத்தான். பானையின் அடிப்பக்கத்தைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த மண்வாடை அடித்தது. காதை ஒட்டினான். ஈர மணலை யாரோ நிதானமாக, வாயைத் திறக்காமல் மெல்லும் சத்தம். கையை எடுத்த பிறகும் சுவர் கையோடு கொஞ்சதூரம் வந்ததாக அவனுக்குத் தோன்றியது.

மிச்சமிருந்த பெட்டிகளை அன்றைக்குத்தான் முதுகுப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். இடது சுவரை ஒட்டி நின்ற எல்லாவற்றின் பின்தகடும் உள்வாங்கியிருந்தது. வண்டியில் வந்தபோது அடிபட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தான் இத்தனை நாளும். அடிபட்ட தகடு கூர்மையாக மடங்கியிருக்கும். இவை மெதுவாக, மெதுவாக, வருடக்கணக்கில் அழுத்தியதுபோல வழவழவென்று குழிந்திருந்தன. ஒரு கீபோர்டு சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகியிருந்தது. அதன் எல்லா எழுத்துகளும் ஒன்றாக அமுங்கிக் கிடந்தன.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புதிதாக ஒரு பெட்டி வரும்போதெல்லாம் இந்த அறையில் சரியாக அந்த ஒன்றுக்கு மட்டும் இடம் இருந்தது. இரண்டுக்கு இருந்ததே இல்லை. இல்லாமல் போனதும் இல்லை. அதை அவன் தன் சாமர்த்தியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறான். நல்ல பெட்டி எங்காவது கிடைத்தால் போதும், கை குறுகுறுக்கும். இன்றைக்கே கொண்டுவந்து அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ளும். அது தன் ஆசைதானா என்று இப்போது சந்தேகம் வந்தது. அடைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் உடம்பில் ஏதோ ஓர் உறுப்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டேப்புக்காரருக்குப் போன் செய்தான். கொண்டுபோன பெட்டிகளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பிரித்துப் போட்டாயிற்றே, இதெல்லாம் எல்லோருக்கும் வருகிற ஏக்கம்தான், இரண்டு நாளில் போய்விடும் என்று ஆறுதல் சொன்னார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த ரூம்..." என்று தொடங்கினான்.

எக்ஸ்சேஞ்சில் பழகிய காது அவளுக்கு. ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

"இடமில்லைன்னா நேராச் சொல்லிடு தம்பி," என்றாள். குரலில் வருத்தம் தெரியாமல் இருக்கக் கவனமாகப் பேசினாள். "என்னைப் போல ஆளுங்களை வச்சுப் பார்த்துக்கற இடம் ஒண்ணு இருக்குன்னு நர்ஸ் சொல்லுது. எனக்கு ஒண்ணும் இல்லை."

என்ன சொன்னாலும் அது பெட்டிக்காகச் சொன்னதாகத்தான் அவள் காதில் விழும். சுவர் நகர்கிறது அக்கா என்றால், சிரித்துவிட்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அப்புறம் கடைசிவரை அங்கேயேதான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா. கட்டில்கூடப் போட்டாச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்ததும் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. அக்கா வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் கட்டிலை முன் அறைக்கு மாற்றிவிடலாம். கடையை மூடினாலும் சரி, உள் அறையைப் பூட்டிவிடலாம். முன் அறையில் இடம் பண்ண வேலை மேஜையைப் பிரிக்கும்வரைக்கும் சுவர் நகராமல் நிற்கவேண்டுமே என்று, மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் இடது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் அடுக்கி முட்டுக்கொடுத்தான். கட்டில் வலது சுவரை ஒட்டிக் கிடந்தது. அடுக்கி முடித்துச் சுவரில் காதை வைத்தான். மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

அப்போது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் படுக்கை தேவைப்பட்டதாம், நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். வலிக்குப் போட்ட ஊசியில் அக்காவின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டாள். முன் அறையிலேயே இருக்கட்டுமே என்று அவன் வார்டுபாய்களிடம் கெஞ்சியதும் அவள் காதில் விழுந்தது.

"வர்றவங்க போறவங்க முன்னாடியா நான் படுத்துக் கிடக்கணும்? உள்ளே போங்கப்பா."

உள்ளே போனார்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடம் போதவில்லை. அந்தப் பெட்டிகளைத் தொடாதீர்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேரும் மளமளவென்று அவற்றை எடுத்து முன் அறையில் அடுக்கினார்கள். உதவி செய்கிற முகங்கள். ஒருவர் இதுதான் ரூமா சார், சின்னதா இருக்கே என்றார். அக்காவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, காலுக்கு நடுவில் தலையணை வைத்து, இடுப்பை அசைக்கவே கூடாது, ஒருவராகத் தூக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாரல் அடிக்கிறதென்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஆம்புலன்ஸ் சத்தம் மறைந்தது. மழை வலுத்தது.

அவன் ஓடிப்போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து சுவருக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் வைத்தான். அடுத்ததை எடுக்கத் திரும்பும்போது அக்கா தண்ணீர் கேட்டாள். நல்ல தாகம், உதடு வெடித்திருந்தது. தலையைத் தாங்கி, டம்ளரைச் சாய்த்துப் பிடித்தான். அவள் சின்னச் சின்னதாக விழுங்கினாள். முதுகுக்குப் பின்னால் தகரம் மடங்கும் ஒலி கேட்டது. ஒரு திருகாணி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது.

"எலியாடா?" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

"ஆமாக்கா."

அவன் திரும்பினான். பெட்டி காலியான பால் பாக்கெட்டைப் போல நசுங்கியிருந்தது. அறைக்குள் திறந்து இடது சுவரோடு ஒட்டி நிற்கும் கதவு, இப்போது ஒட்டி நிற்கவில்லை. பாதிக்கு மேல் மூடியிருந்தது. காற்று இல்லை. யாரும் இல்லை. சுவர் கதவின் முதுகில் சாய்ந்து அதைத் தள்ளிச் சாத்திக்கொண்டிருந்தது.

அவன் ஒருவன் என்றால் பக்கவாட்டில் உடம்பைச் செருகி வெளியே போய்விடலாம். இந்த நிமிஷத்தில் போகலாம். போய்ப் பெட்டிகளை எடுத்து வருவதற்குள் கதவு சாத்திக்கொள்ளும். அக்கா இந்தப் பக்கம் இருப்பாள். அவளைத் தூக்க ஒருமுறை கையைக் கொடுத்துப் பார்த்தான். தோளை உயர்த்தியதுமே அவளிடமிருந்து வந்த ஓசை, அவன் இதுவரை எந்த மனிதரிடமும் கேட்காதது. விட்டுவிட்டான்.

கதவின் இடுக்கில் தெரிந்த கடை வெளிச்சம் கோடானது. கோடு மறைந்தது.

இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. உதவி என்று ஒரு தடவை கத்தினான். கூரைமேல் மழை. அக்கா தூக்கத்தில் முகம் சுளித்தாள்.

தரையில் உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் ஊன்றி, இரண்டு கால்களையும் நீட்டி, பாதங்களைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பதித்தான். தள்ளினான். சட்டைக்குள் குளிர் ஏறியது. மெல்லும் சத்தம் முதுகெலும்பு வழியாகக் கேட்டது. பிறகு நின்றது.

நின்றேவிட்டது.

முன் அறையில் அவன் போன் அடித்தது. வேலை மேஜைமேல் அது அதிர்ந்து நகர்வதுகூடக் கேட்டது. டேப்புக்காரராக இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று ஒரு பாதத்தை மட்டும் எடுத்தான்.

முதுகு முன்னால் வந்தது.

பாதத்தைத் திரும்ப வைத்தான். முன்போல் முழுதாக நீட்ட முடியவில்லை. முட்டியில் சின்ன மடிப்பு. சுவர் அவனை இடிக்கவில்லை, நெரிக்கவில்லை. அசதியில் ஒருவர் இன்னொருவர் மேல் சாய்ந்துகொள்வதைப் போலச் சாய்ந்துகொண்டது. முழுப் பாரத்தையும் இன்னும் தரவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகியது. தொடை நடுங்கத் தொடங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கைகளும் தரையை ஊன்றியிருந்தன. மூச்சை இழுத்தபோது மார்பு விரிந்தது. விட்டபோது சுருங்கியது. சுருங்கிய இடத்துக்குச் சுவர் வந்தது.

அடுத்த மூச்சைச் சின்னதாக இழுத்தான்.

அதற்கு அடுத்ததை இன்னும் சின்னதாக.

கட்டில் லேசாக முனகியது. அக்கா கண்விழித்தாள். ஊசியின் மயக்கம் தெளியாத கண்கள் கொஞ்சநேரம் கூரையில் மிதந்து, கீழே இறங்கி, தரையில் அவனைக் கண்டுபிடித்தன. வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் நிறைந்திருந்தது.

"ஏண்டா இப்படிக் குறுகிக்கிட்டு உட்கார்ந்திருக்கே," என்றாள். "இவ்வளவு இடம் கிடக்கு. காலை நீட்டி உட்காரேன்."

பதில் சொல்ல மூச்சு இல்லை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனாள்.

அவன் முழங்கால்கள் முகவாயைத் தொட்டன.